கறுப்புப் பக்கத்தில் ஒரு பெயர்: சேகரக் கமிட்டிக்குத் திறந்த மடல்

சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

நம் சபையை நடத்தும் சேகரக் கமிட்டியாக நீங்கள் ஜூலை மாதக் கூட்டத்தில் போட்ட தீர்மானத்தை ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் செயலாளர் வாசித்தபோது நான் நாலாவது பெஞ்சில் இருந்தேன். நவம்பர் 2 கல்லறைத் தோட்ட ஆராதனையில் இனிமேல் ஞானஸ்நானம் பெற்று மரித்தவர்களின் பெயர்கள் மட்டுமே வாசிக்கப்படும் என்றார். அதற்கு அடுத்த அறிவிப்பு பெண்கள் ஐக்கிய சங்கத்தின் டூர் பற்றியது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் தீர்மானம் யாருக்காக என்று கோவிலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஞானஸ்நானம் பெறாமல் இறந்து, நம் சபையில் பெயர் வாசிக்கப்பட்டு வந்தவர் ஒரே ஒருவர்தான். என் வீட்டுக்காரர்.

வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று ஐயா சொல்லி அனுப்பியிருந்தீர்கள். எல்லார் முன்னாலும் வாசித்த விஷயத்துக்கு எல்லார் முன்னாலும் பதில் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மே மாதத்திலிருந்து தொடங்குகிறேன். லீவுக்கு வந்திருந்த என் பேத்தியை நம் கோவிலில் பிள்ளைகளுக்கு நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, அதாவது வி.பி.எஸ்.ஸுக்கு, நான்தான் அனுப்பினேன். எட்டு வயது. மூன்றாம் நாள், ஐந்து நிறத்தில் சார்ட் பேப்பர் வெட்டி, நூல் கோத்து, எழுத்தே இல்லாமல் நிறங்களாலேயே இரட்சிப்பைச் சொல்லும் சொற்களற்ற புத்தகம் செய்து கொண்டுவந்தாள். கறுப்பு பாவம், சிவப்பு இரத்தம், வெள்ளை கழுவப்பட்ட இருதயம், பச்சை வளர்ச்சி, பொன் பரலோகம். இருபது வருடம் ஓய்வுநாள் பாடசாலையில் அதே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடம் எடுத்தவள் நான். அதனால் சந்தோஷமாக வாங்கிப் புரட்டினேன்.

கறுப்புப் பக்கத்தில் வெள்ளை ஜெல் பேனாவால் நாலு பெயர் எழுதியிருந்தது. பால் ஊற்றும் அண்ணன், எதிர்வீட்டு அக்கா, அவள் வகுப்புத் தோழி அனு. இவர்களுக்கெல்லாம் மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில், தாத்தா.

இரட்சிக்கப்படாதவர்கள் பெயரை எழுதச் சொன்னார்களாம், ஜெபிக்க. ராத்திரி பாயில் படுத்த பிறகு கேட்டாள்: "ஆச்சி, தாத்தாவ எரிச்சாங்கல்லா? இன்னுமா எரிஞ்சுக்கிட்டு இருக்காங்க?"

2022 ஜூலையில் அவர் இறந்தபோது, அவர் குடும்ப வழக்கப்படி கொழுந்தன்மார் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைக்கு அது அரைகுறையாக நினைவில் இருக்கிறது. அந்த நெருப்பையும் நீங்கள் சொல்லிக்கொடுத்த நெருப்பையும் அவள் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள். முப்பத்திரண்டு வருடம் டீச்சர் வேலை பார்த்தவள் நான். ஒரு குழந்தையின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் லைட்டை அணைத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் வி.பி.எஸ். நடத்திய தம்பியிடம் போய்க் கேட்டேன். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான். "நாங்க என்னம்மா செய்ய, வசனம் அப்படித்தானே இருக்கு" என்றான். அப்புறம்தான் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். குழந்தைகளை இப்படிப் பெயர் எழுத வைக்காதீர்கள் என்பதைத் தவிர அந்தக் கடிதத்தில் வேறொன்றும் இல்லை. அதற்கு வந்த பதில்தான் ஜூலைத் தீர்மானம். குழந்தை எழுதிய பெயரை அழிக்கக் கேட்டால், நீங்கள் வாசிக்கிற பெயரை அழித்துவிட்டீர்கள்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், டீச்சர் புத்தி. லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1866-ல் அதைப் பற்றிப் பேசியபோது நிறங்கள் மூன்றுதான்: கறுப்பு, சிவப்பு, வெள்ளை. பச்சையும் பொன்னும் பிறகு சேர்ந்தவை. அவர் சொன்ன கதையில் வயதான ஊழியர் ஒருவர் அந்த மூன்று தாளையும் வைத்துக்கொண்டு அடிக்கடி பார்ப்பார். எதற்கு? தன் பாவத்தை மறக்காமல் இருக்க. கறுப்புத் தாளில் பார்க்க வேண்டியது பார்க்கிறவனின் இருதயத்தை. பால்காரர் பெயரை எழுத அதில் இடமில்லை.

இனி விசுவாசத்துக்கு வருகிறேன். "ஒரே வழி என்பது நம் அடிப்படை விசுவாசம், அதில் சமரசம் கிடையாது" என்று எனக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். நான் சமரசம் கேட்கவே இல்லையே. கிறிஸ்துவினால் அல்லாமல் இரட்சிப்பு இல்லை என்று ஐந்து வயதில் படித்தேன், இன்றும் அதைத்தான் நம்புகிறேன். எல்லா ஆறும் கடலுக்குத்தானே போகிறது என்று துக்கம் கேட்க வந்த சிலர் ஆறுதலுக்குச் சொன்னார்கள். அந்தப் பேச்சு எனக்கும் ஒட்டவில்லை, உயிரோடு இருந்தபோது என் வீட்டுக்காரருக்கும் ஒட்டாது. "எல்லாம் ஒண்ணுதான்னா நீ எதுக்கு ஞாயித்துக்கெழம விடியுமுன்ன எந்திரிச்சு தலைக்குக் குளிக்க?" என்று கேலி பண்ணுவார்.

வழி ஒன்று என்று விசுவாசிப்பதில் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை. அந்த வழியில் யார் யார் கடைசிவரை வந்து சேரவில்லை என்று பட்டியல் எழுதி வாசிக்கிறீர்களே, அதில்தான் வித்தியாசம். அந்த வேலையை உங்களுக்கு யார் கொடுத்தது?

நீங்கள் காட்டிய வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்." யோவான் 14:6. இதை ஆண்டவர் ஊராரைப் பார்த்து, நீயெல்லாம் வெளியே என்று சொல்லவில்லை. தம்மைப் பிடித்துக் கொடுக்கப்போகும் ராத்திரியில், பயந்துபோய் உட்கார்ந்திருந்த சீஷர்களிடம், வழி தெரியாதே என்று கேட்ட தோமாவிடம் சொன்னார். அந்த அதிகாரத்தின் முதல் வரியே "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்பதுதான். அதனால்தான் நம் அடக்க ஆராதனைகளில் அதை வாசிக்கிறோம். கலங்கின இருதயத்துக்குக் கொடுத்த வார்த்தையை எடுத்து ஒரு எட்டு வயது இருதயத்தைக் கலங்கடித்திருக்கிறோம்.

இரட்சிக்கப்படுகிறவர்கள் கொஞ்சப்பேர்தானா என்று ஒருவன் ஆண்டவரிடமே நேரில் கேட்டான், லூக்கா 13-ல் இருக்கிறது. அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை. கேட்டவர்களையே பார்த்து, "இடுக்கமான வாசல்வழியாய் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள்" என்றார். நீ உன் காரியத்தைப் பார் என்பதுதான் அதன் அர்த்தம். அங்கேயே இன்னும் இரண்டு வசனம் தள்ளி, கதவு சாத்தின பிறகு வெளியே நின்று தட்டுகிறவர்கள் யார் என்று பாருங்கள். உம்முடைய சமுகத்தில் சாப்பிட்டோமே, எங்கள் தெருவில் நீர் போதித்தீரே என்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள். நம்மைப் போல.

"கேள்விப்படாதவர்கள் விஷயம் வேறு, அவர் கேட்டும் ஏற்றுக்கொள்ளவில்லையே" என்று கமிட்டியில் ஒரு மூப்பர் கேட்டதாக எனக்குச் செய்தி வந்தது. நியாயமான கேள்வி. நான் மழுப்பவில்லை. என் வீட்டுக்காரர் சுவிசேஷம் கேள்விப்படாதவர் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் ஞாயிறு தவறாமல் பிரசங்கம் கேட்டவர். கோவிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், டி.வி.எஸ். 50-யைச் சாய்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து கேட்டவர். அவர் ஏன் வெளியே உட்கார்ந்தார் என்பது புது அங்கத்தினர்களுக்குத் தெரியாது. மூத்தவர்களுக்குத் தெரியும், மறந்திருப்பார்கள்.

1989-ல் எங்களுக்கு ரிஜிஸ்டர் கல்யாணம். சபை ஒழுங்கின்படி என்னை அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தீர்கள். விசாரணைக்குக் கூப்பிட்டபோது அவரும் கூட வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வழியில் வாங்கினார். அன்றைக்குக் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர், இப்போது உயிரோடில்லை, அவரைப் பார்க்காமலே என்னிடம் சொன்னார்: "அந்த ஆளை வெளியே நிக்கச் சொல்லு. இது விசுவாசிகளுக்குள்ள விஷயம்." என் வீட்டுக்காரர் பழத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

அதற்குப் பிறகு அவர் உள்ளே வந்ததேயில்லை. அங்கிருந்து போனதுமில்லை.

மூன்று வருடம் கழித்து என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டீர்கள். அவர் வயர்மேன். கோவில் மைக் செட் கரகரத்தால் ஆள் அனுப்புவீர்கள், வருவார். கோபுர நட்சத்திரத்துக்கு டிசம்பர் மாதம் சீரியல் பல்பு கட்டுவார், கூலி வாங்க மாட்டார். கோவில் பொதுவிருந்தான அசனத்துக்கு முந்தின ராத்திரி முழுக்க இங்கேதான் கிடப்பார்: பந்தலுக்கு டியூப் லைட், அண்டா ஏற்ற ஒரு கை, கத்தரிக்காய் நறுக்க ஆள் குறைந்தால் அதற்கும் உட்காருவார். பந்தி போட்டதும் கடைசிப் பந்திக்குத்தான் வருவார். என் வருடச் சங்கக் காணிக்கையை ஒரு வருடம் நான் மறந்துவிட்டேன். அவர் கட்டி ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசி மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தபோது, யோவான் 14 வாசி என்று அவரேதான் கேட்பார். அடக்க ஆராதனைகளில் வெளியே நின்று கேட்டுக் கேட்டு அவருக்கு அது மனப்பாடம். நான் ஒரு வரி விட்டால் அவர் எடுத்துக் கொடுப்பார்.

ஞானஸ்நானம் எடுங்களேன் என்று நான் கேட்காமலா இருந்திருப்பேன்? கேட்டேன். சிரிப்பார். "கூப்பிடட்டும், வரேன்" என்பார். கூப்பிட வேண்டியவர்கள் மைக் ரிப்பேருக்குத்தான் கூப்பிட்டார்கள்.

தகப்பன் சொன்னதும் மாட்டேன் என்றுவிட்டுப் பிறகு தோட்டத்துக்குப் போனவனையும், போகிறேன் ஐயா என்றுவிட்டுப் போகாமல் இருந்தவனையும் பற்றி மத்தேயு 21-ல் ஒரு உவமை உண்டு. இருவரில் எவன் தகப்பனுடைய இஷ்டத்தைச் செய்தான் என்ற கேள்விக்கு மாட்டேன் என்ற மூத்தவன்தான் என்றே பதில் வந்தது. என் வீட்டுக்காரர் அந்த மூத்த மகன் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் நானும் போய் உட்கார்ந்த மாதிரி. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நம் விசுவாசப் பிரமாணத்தில் உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருகிறவர் ஒருவர்தான், அவர் இன்னும் வரவில்லை. அதே பிரமாணத்தில் அவர் பாதாளத்தில் இறங்கினார் என்றும் ஞாயிறுதோறும் சொல்கிறோம். அங்கே போனவர் யாரைத் தேடிப் போனார் என்று ஒரு நாளாவது பிரசங்கியுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.

இந்தக் கறுப்புப் பக்கம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதில் வருகிற பெயரும் மாறும். என் தங்கச்சி மகன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். குழந்தையில் தண்ணீர் தெளித்தது ஞானஸ்நானமே இல்லை என்பது அவன் கட்சி. அவன் கணக்கில் இந்தக் கமிட்டி மொத்தமும் முழுக்கு எடுக்காத கும்பல். உங்களுக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கிறான் என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன். அவனுக்கும் முன்னால், 1442-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய புளோரன்ஸ் சங்கம் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெளியே இருக்கிற எல்லாருக்கும் நித்திய அக்கினி என்று எழுதிவைத்தது. புறமதத்தார், யூதர் மட்டுமில்லை, சபையை விட்டுப் பிரிந்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த அளவுகோலில், புராட்டஸ்டண்டுகளான நம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெயர்கூட வாசிக்க முடியாது. அதே திருச்சபை 1964-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதிருந்தும் உண்மையான இருதயத்தோடு தேவனைத் தேடி மனச்சாட்சிப்படி நடக்கிறவர்கள் இரட்சிப்பைப் பெறக்கூடும் என்று எழுதியது. கிறிஸ்து ஒருவரே இரட்சகர் என்பதை அவர்கள் கைவிடவில்லை. பட்டியலைத்தான் கைவிட்டார்கள்.

நம் பக்கமும் இதைப் பேசாமல் இருந்ததில்லை. 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது முக்கிய வாக்குவாதமே இதுதான். மற்ற மதத்தாரிடத்தில் தேவன் ஏதாவது பேசியிருக்கிறாரா என்பதில் டச்சு மிஷனரி கிரேமர் ஒரு பக்கம், சென்னையில் இருந்த செஞ்சையா, சக்கரை போன்ற கிறிஸ்தவர்கள் மறு பக்கம். அவர்களே முடிக்காத விவாதத்தை நீங்கள் ஒரு ஜூலை சாயங்காலம், டீயும் வடையும் வருவதற்குள் முடித்துவிட்டீர்கள்.

பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெய்னிங் படித்தபோது குளோரிந்தா கோவிலுக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். பாப்பாத்தியம்மா கோவில் என்பார்கள், 1785-ல் அந்த அம்மா கட்டியது. பிராமண விதவை, ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்ததால், அவள் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். இடையில் அந்த வருடங்களில் அவள் இறந்திருந்தால், உங்கள் தீர்மானப்படி, திருநெல்வேலிச் சபையின் தாய் என்று நாம் கொண்டாடுகிறவளின் பெயரை வாசிக்க முடியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மரித்தோருக்காக ஜெபித்து அவர்களை மோட்சம் அனுப்ப முடியாது என்பது நம் சபையின் போதனை. கல்லறைத் தோட்டத்தில் பெயர் வாசிப்பது அவர்களுக்காக நன்றி சொல்ல மட்டுமே என்று ஐயாவே போன வருடம் விளக்கினீர்கள். அப்படியானால் பெயரை வாசிப்பதால் யாரும் உள்ளே போவதில்லை, வாசிக்காததால் யாரும் வெளியே நிற்பதுமில்லை. நன்றி சொல்வதற்கு எதற்கு ஞானஸ்நான ரிஜிஸ்டர்? 2022, 2023, 2024, மூன்று வருடம் அவர் பெயரை வாசித்தீர்கள். விசுவாசத்துக்கு என்ன கேடு வந்தது? ரிஜிஸ்டரில் இருக்கிற சில பெயர்களைப் பற்றி ஊருக்கே தெரியும். அவற்றையும் வாசிக்கிறோம், வாசிக்கத்தான் வேண்டும். அவர்களை நான் இழுக்கவில்லை.

என் கோரிக்கைகள் இவை. ஜூலைத் தீர்மானத்தை நவம்பர் 2-க்கு முன்னால் திரும்பப் பெற வேண்டும். அறிவிப்பில் வாசித்ததைப் போலவே அறிவிப்பில் வாசித்துத் திரும்பப் பெற வேண்டும். வி.பி.எஸ்.ஸிலும் ஓய்வுநாள் பாடசாலையிலும் இரட்சிக்கப்படாதவர் என்று உயிரோடிருப்பவர் பெயரையோ இறந்தவர் பெயரையோ குழந்தைகளை எழுதவைக்கக் கூடாது என்று கமிட்டி எழுத்தில் சொல்ல வேண்டும். ஜெபிக்க வேண்டுமானால் பெயர் சொல்லி ஜெபிக்கட்டும், நன்றாக ஜெபிக்கட்டும். கறுப்புத் தாளில் வேண்டாம். மே மாதம் அந்தப் புத்தகத்தைச் செய்த குழந்தைகளை ஒரு ஞாயிறு கூட்டிவைத்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேவனுக்குத்தான் தெரியும் என்பதை ஐயா உங்கள் வாயால் சொல்ல வேண்டும். என் பேத்தி காலாண்டு லீவுக்கு வருகிறாள், அந்த ஞாயிறாக இருந்தால் எனக்கு உதவி. கன்வென்ஷனுக்கு வெளியூர்ப் பிரசங்கிமாரை அழைக்கும்போது, துக்க வீட்டார் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இறந்தவர்களின் கதி பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். இந்தக் கடிதத்தை அடுத்த கூட்டத்தில் முழுவதும் வாசித்து மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். அன்றைக்கு நானும் வருவேன். இந்தத் தடவை வெளியே நிற்கச் சொல்லாமல் உள்ளே ஒரு நாற்காலி போடுங்கள்.

வழக்கம்போல அக்டோபர் கடைசி ஞாயிறு, பெயர் எழுதிய சீட்டையும் ஐந்நூறு ரூபாய் காணிக்கையையும் கவரில் போட்டுச் செயலாளர் கையில் கொடுப்பேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நாலாவது பெஞ்சிலிருந்து,
உங்கள் சபை அங்கத்தினர்